குட்டிச் செயற்கைக்கோள்களும் விஷமில்லாத எரிபொருளும் - ஒரு சிறு வரலாறு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்து மொட்டை மாடிகளில் சின்னச் சின்னக் கூட்டம் கூடும். நேர்கோட்டில் பார்த்தால் அம்பத்தூரில் இருந்து ஏவுதளம் சுமார் 70 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே ஒரு வெள்ளைப் புகைக்கோடு மேலேறி வளைவது தெரியும். கை தட்டிவிட்டு எல்லோரும் கீழே இறங்கி விடுவார்கள். அந்தப் புகையின் நுனியில் போனவை பிறகு என்ன ஆயின என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

2011 அக்டோபர் 12 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட்டை எடுத்துக் கொள்வோம். அதில் முக்கியப் பயணி மேகா-டிராபிக்ஸ். வெப்ப மண்டல வானிலையை ஆராய இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த, சுமார் 1000 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். கூடவே காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் செய்த எஸ்.ஆர்.எம்.சாட் (10.9 கிலோ), கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜுக்னு (3 கிலோ) ஆகியவையும் போயின. எல்லாமே ஏறத்தாழ 860 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டன.

மேகா-டிராபிக்ஸ் 2021 வரை தகவல் கொடுத்தது. அப்படியே விட்டால் 100 ஆண்டுகளுக்கு மேல் மேலேயே சுற்றிக் கொண்டிருக்கும் என்று இஸ்ரோ கணக்குப் போட்டது. ஆனால் அதன் தொட்டியில் நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருந்தது. அதை வைத்துப் படிப்படியாக உயரத்தைக் குறைத்து, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேலே எரித்து விட்டார்கள். கூடப் போன எஸ்.ஆர்.எம்.சாட்? அது இன்னும் மேலேதான் இருக்கிறது. அதைக் கீழே கொண்டு வர முடியாது. காரணம், அதில் எஞ்சினே கிடையாது!

எஸ்.ஆர்.எம். மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சென்னையில் இருந்து போன மாணவர் செயற்கைக்கோள்களின் பட்டியலைப் பார்த்தால் இதே கதைதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் உருவாகி 2009 ஏப்ரல் 20 அன்று போன அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் (40 கிலோ) எஞ்சின் இல்லாதது. ஆனால் அது தாழ்வான பாதையில் விடப்பட்டதால், மெல்லிய காற்றின் உராய்விலேயே வேகம் குறைந்து 2012 ஏப்ரலில் தானாக விழுந்து எரிந்தது. 2016-ல் போன சத்யபாமாசாட்டிலும் (1.5 கிலோ) எஞ்சின் இல்லை. கேமரா இருக்கும், ரேடியோ இருக்கும், சூரியத்தகடு இருக்கும். நகர மட்டும் வழி இருக்காது.

ஏன்? "சின்னதில் இடம் இல்லை" என்பது சட்டென்று வரும் பதில். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியின் பெயர் ஹைட்ரசீன்.

ஹைட்ரசீன் நிறமில்லாத திரவம், அம்மோனியா வாடை அடிக்கும். இரிடியம் பூசிய சிறு மணிகள் மேல் அதை ஊற்றினால் போதும், தீப்பொறி கூட வேண்டாம், தானாகச் சிதைந்து சூடான வாயுவாகச் சீறும். அந்தச் சீற்றம்தான் உந்துவிசை. 1 நியூட்டன் எஞ்சின் என்றால் அது தரும் தள்ளு ஏறக்குறைய 100 கிராம் எடை, அதாவது ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் வைத்தால் தெரியும் பாரம் அவ்வளவுதான். காற்றில்லாத இடத்தில் அதுவே ஏராளம்.

பிரச்சினை, அது கடும் விஷம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று கருதப்படுகிறது. அதனால் தொட்டியில் நிரப்பும் போது ஊழியர்கள் தலை முதல் கால் வரை மூடிய, தனிக்காற்று வசதியுள்ள உடை போட்டுக் கொள்கிறார்கள். அந்தக் கூடத்தில் மற்ற வேலை எல்லாம் நிறுத்தப்படும். கழிவைக் கொட்ட முடியாது, தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, வாயு கண்டுபிடிக்கும் கருவிகள் என்று ஒரு படையே நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோ எடையுள்ள ஒரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோளுக்கு இந்தச் செலவு ஒரு மூலை. ஒரு கல்லூரியின் 10 கிலோ செயற்கைக்கோளுக்கோ, செயற்கைக்கோளின் விலையையே இது தாண்டிவிடும்.

2008 பிப்ரவரியில் அமெரிக்கா பழுதான தனது உளவு செயற்கைக்கோள் ஒன்றை (யு.எஸ்.ஏ.-193) கப்பலில் இருந்து ஏவுகணை விட்டு உடைத்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம், உள்ளே சுமார் 450 கிலோ ஹைட்ரசீன் உறைந்து கிடக்கிறது, தொட்டி உடையாமல் ஊருக்குள் விழுந்தால் ஆபத்து என்பதுதான். (உண்மையான காரணம் வேறு என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அது இங்கே வேண்டாம்.)

வேடிக்கை என்னவென்றால், விண்வெளியின் ஆரம்ப நாட்களில் ஹைட்ரசீன் ராஜா இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடுதான் ராஜா. ஆமாம், காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, திருப்பூரில் துணி வெளுக்க டிரம் டிரம்மாக வாங்குகிறார்களே, அதே பொருள். என்ன, அது 3 சதவீதமோ 50 சதவீதமோ, இது 90 சதவீதம். வெள்ளிக் கம்பி வலை மீது விட்டால் நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும், சூடு சுமார் 750 டிகிரி வரை போகும். மனிதனை ஏற்றிப் போன அமெரிக்காவின் மெர்குரி கலங்களைத் திருப்பியது இதுதான். 1963-ல் போன சின்காம்-2 செயற்கைக்கோளிலும் இதுதான். இங்கிலாந்து 1971 அக்டோபர் 28 அன்று தன் சொந்த ராக்கெட்டான பிளாக் ஆரோவில் பிராஸ்பரோ செயற்கைக்கோளை ஏற்றியதும் பெராக்சைடு - மண்ணெண்ணெய் ஜோடியால்தான். ரஷ்யாவின் சோயுஸ் கலம் பூமிக்குத் திரும்பும் போது இன்றைக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறது.

பிறகு ஏன் ஒதுக்கினார்கள்? பெராக்சைடுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தொட்டியில் சும்மா இருக்கும் போதே மெதுவாகச் சிதையும். சில நாள் பயணத்துக்குச் சரி, பத்து வருடம் மேலே இருக்க வேண்டிய செயற்கைக்கோளுக்குச் சரிப்படாது. அதோடு ஒரு கிலோ ஹைட்ரசீன் தரும் தள்ளு, ஒரு கிலோ பெராக்சைடு தருவதை விடக் கணிசமாக அதிகம். 1960களில் அமெரிக்காவில் ஷெல் நிறுவனம் 'ஷெல் 405' என்ற இரிடியம் வினையூக்கியைக் கொண்டு வந்ததும் ஆட்டம் முடிந்தது. ஹைட்ரசீனை ஆயிரக்கணக்கான தடவை நம்பிக்கையாகப் பற்ற வைக்க முடிந்தது. அன்று முடிவெடுத்தவர்கள் எல்லோரும் பெரிய அரசு அமைப்புகள். விஷத்தைக் கையாளும் படை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது, அதனால் விஷம் ஒரு குறையாகவே தெரியவில்லை. கல்லூரி மாணவன் ஒருநாள் செயற்கைக்கோள் செய்வான் என்று அன்று யார் நினைத்தார்கள்?

அந்த நாள் 1999-ல் வந்தது. அமெரிக்கப் பேராசிரியர்கள் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் இருவரும் 10 சென்டிமீட்டர் கனசதுரமாக 'கியூப்சாட்' என்ற அளவை வகுத்தார்கள். உலகம் முழுக்க மாணவர்கள் செயற்கைக்கோள் செய்ய அது வழி திறந்தது. ஆனால் அதே விதிப்புத்தகத்தில் ரசாயன ஆற்றலுக்கும் அழுத்தம் நிரப்பிய தொட்டிக்கும் கடுமையான வரம்பு வைத்திருந்தார்கள். நியாயம்தான். கோடிக்கணக்கில் செலவான பெரிய செயற்கைக்கோளுக்குப் பக்கத்தில் அறிமுகமில்லாத மாணவர்களின் பெட்டி ஒன்று உட்காரப் போகிறது, அது வெடித்தால்? ஆக, கியூப்சாட் பிறக்கும் போதே காலில்லாமல் பிறந்தது.

இதை முதலில் குறுக்கு வழியில் தாண்டியவர்களில் இங்கிலாந்தின் சர்ரே குழுவும் ஒன்று. 2000 ஜூன் 28 அன்று போன அவர்களின் ஸ்னாப்-1 வெறும் 6.5 கிலோ. அதன் எரிபொருள் என்ன தெரியுமா? பியூட்டேன்! சிகரெட் லைட்டரில் இருப்பது, சமையல் காஸ் சிலிண்டரிலும் பாதி அதுதான். மொத்தமே 33 கிராமுக்கும் குறைவு. எரிக்கவும் இல்லை, ஆவியாகப் பீய்ச்சினார்கள், அவ்வளவுதான். அதை வைத்து ஸ்னாப்-1 தன் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொண்டது. மலிவு என்றால் இதைவிட மலிவு கிடையாது. ஆனால் தள்ளு மிகக் குறைவு, கொஞ்சம் நகரலாம், 860 கிலோமீட்டரில் இருந்து கீழே இறங்கவெல்லாம் காணாது.

உண்மையான மாற்று வேறு திசையில் இருந்து வந்தது. அம்மோனியம் டைநைட்ரமைடு என்ற உப்பை சோவியத் விஞ்ஞானிகள் 1971-ல் ரகசியமாகச் செய்து ஏவுகணைகளுக்குப் பயன்படுத்தினார்கள். 1980களின் இறுதியில் அமெரிக்கர்கள் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1990களில் சுவீடன்காரர்கள் கையில் எடுத்தார்கள். அந்த உப்பைத் தண்ணீர், மெத்தனால், கொஞ்சம் அம்மோனியா ஆகியவற்றில் கரைத்து எல்.எம்.பி.-103எஸ் என்ற திரவத்தைத் தயாரித்தார்கள். ஏவுகணைச் சரக்கு செயற்கைக்கோளின் சாதுவான எரிபொருளாக மாறியது இப்படித்தான்.

2010 ஜூன் 15 அன்று ரஷ்யாவின் யாஸ்னியில் இருந்து சுவீடனின் பிரிஸ்மா கிளம்பியது. இதில் ஒரு அழகான ஏற்பாடு. ஒரே செயற்கைக்கோளில் ஹைட்ரசீன் எஞ்சின்களும் இருந்தன, புதுத் திரவ எஞ்சின்களும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மேலே போன பிறகு புதுத் திரவம் கிலோவுக்கு ஹைட்ரசீனை விடச் சுமார் 6 சதவீதம் கூடுதல் பலன் தந்தது. அடர்த்தியும் அதிகம் என்பதால் அதே அளவு தொட்டியில் சுமார் 30 சதவீதம் அதிக வேலை வாங்க முடிந்தது. இடமே இல்லாத குட்டிச் செயற்கைக்கோளுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

ஆனால் பெரிய செய்தி தரையில் இருந்தது. ஹைட்ரசீன் நிரப்பும் போது மூடிய உடை, காலியான கூடம். புதுத் திரவம் நிரப்பும் போது அது தேவைப்படவில்லை, ஏவுதளப் பாதுகாப்பு அதிகாரிகளே அதை ஆபத்தில்லாத வேலை என்று வகைப்படுத்தினார்கள். பசுமை எரிபொருள் என்றதும் பலர் வானம் மாசுபடாது என்று நினைத்துக் கொள்கிறார்கள். செயற்கைக்கோள் எஞ்சின் விஷயத்தில் பசுமை என்பது வானத்துக்காக அல்ல, தரையில் நிரப்புகிறவனுக்காக. அவனுடைய நுரையீரலுக்கு நல்லது என்பதால்தான் செலவும் குறைகிறது. 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஹைட்ரசீனைக் கடும் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்ததும் இந்தத் தேடலுக்கு வேகம் கூடியது.

இப்போது மறுபடி நம்ம பக்கத்துக்கு வரலாம். 2016 ஜூன் 22 காலை, பி.எஸ்.எல்.வி. சி-34 ராக்கெட் 20 செயற்கைக்கோள்களோடு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. தமிழ்ப் பத்திரிகைகளில் சத்யபாமாசாட் படம் வந்தது. பசுமை இல்ல வாயுக்களை அளக்கச் சென்னை மாணவர்கள் செய்தது, பெருமைப்பட வேண்டியதுதான். அதே ராக்கெட்டில் அவ்வளவாகப் பேசப்படாமல் போன இன்னொன்று ஸ்கைசாட்-3. அப்போது கூகுளுக்குச் சொந்தமான டெரா பெல்லா நிறுவனத்தின் 110 கிலோ படப்பிடிப்புச் செயற்கைக்கோள். அந்த வரிசையில் முதல் இரண்டுக்கும் எஞ்சின் இல்லை. மூன்றாவதில்தான் சுவீடனின் அந்தத் திரவத்தில் ஓடும் 1 நியூட்டன் எஞ்சின்கள் வந்தன. வணிகச் செயற்கைக்கோள் ஒன்றில் இந்த எரிபொருள் விண்வெளிக்குப் போனது நம் ராக்கெட்டின் தலையில் உட்கார்ந்து!

அந்த எஞ்சினால் என்ன லாபம்? ஸ்கைசாட்கள் பின்னர் பிளானட் நிறுவனத்துக்குக் கைமாறின. 2020-ல் பிளானட் அவற்றைச் சுமார் 500 கிலோமீட்டரில் இருந்து 450 கிலோமீட்டருக்கு இறக்கியது. பூமிக்கு நெருங்கியதால் படத்தின் துல்லியம் 80 சென்டிமீட்டரில் இருந்து 50 சென்டிமீட்டராகக் கூடியது. புதுச் செயற்கைக்கோள் அனுப்பவில்லை, புது கேமரா இல்லை. இருந்த எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

அதே சி-34 ராக்கெட்டில் பிளானட்டின் 12 டவ் செயற்கைக்கோள்களும் இருந்தன. அவற்றுக்கு எஞ்சின் இல்லை. பக்கவாட்டுத் தகட்டைத் திருப்பிக் காற்று உராய்வைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றுக்கொன்று இடைவெளி விடுகிறார்கள். சாமர்த்தியமான வித்தைதான். ஆனால் அதில் கீழே இறங்கத்தான் முடியும், மேலே ஏற முடியாது. எதிரே உடைந்த துண்டு ஒன்று வந்தால் சட்டென்று விலகவும் முடியாது.

உடைந்த துண்டு ஒன்றும் கற்பனைப் பயம் அல்ல. அனுசாட் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2009 பிப்ரவரி 10 அன்று, இரிடியம்-33 செயற்கைக்கோளும் செத்துப் போன ரஷ்யாவின் காஸ்மாஸ்-2251-ம் சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாகின.

எல்லாம் நன்மை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. சுவீடன் திரவம் எரியும் போது சுமார் 1600 டிகிரி சூடு வரும். சாதாரண உலோகம் தாங்காது, ரீனியம், இரிடியம் போன்ற தங்க விலை உலோகங்களால் அறை செய்ய வேண்டும். ஓட்டும் முன்பு வினையூக்கியை 350 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும், அதற்கான மின்சாரம் 1.5 கிலோ செயற்கைக்கோளில் ஏது? அமெரிக்கா 2019 ஜூன் 25 அன்று அனுப்பிய ஜி.பி.ஐ.எம். செயற்கைக்கோள் வேறொரு உப்பை (ஹைட்ராக்சில் அம்மோனியம் நைட்ரேட்) வெற்றிகரமாகச் சோதித்தது. அதே எரிபொருளோடு 2022 டிசம்பரில் நிலாவுக்குப் போன லூனார் ஃபிளாஷ்லைட் தோற்றுப் போனது. 3டி பிரின்டிங்கில் செய்த எரிபொருள் குழாய்களில் துகள் அடைத்துக் கொண்டிருக்கலாம் என்று நாசா சொன்னது. அதைத் தரையில் இருந்து இயக்கியவர்கள் ஜார்ஜியா டெக் மாணவர்கள். மாதக்கணக்கில் விடாமல் போராடினார்கள், நிலாவின் சுற்றுப்பாதையைப் பிடிக்க முடியவில்லை. 2023 மே மாதம் திட்டம் முடிக்கப்பட்டது. குற்றம் எரிபொருளில் இல்லை, குழாயில். ஆனாலும் மலிவாகச் செய்யும் எதிலும் இந்த மாதிரி இடம்தான் முதலில் காலை வாரும்.

பெராக்சைடும் சாது அல்ல. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியில் 118 பேர் இறந்ததற்கு, டார்பிடோவில் இருந்து கசிந்த பெராக்சைடுதான் காரணம். விஷம் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல. (யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.)

ஆனாலும் சென்னையின் மேற்குப் புறநகரில் இருந்து யோசித்தால் பெராக்சைடு பக்கம்தான் கணக்கு நன்றாக வருகிறது. ஆவடி டாங்கி தொழிற்சாலை முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது 1965-ல். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதே அறுபதுகளின் பிள்ளை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைசல் பிடிக்கும் பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. 1 நியூட்டன் பெராக்சைடு எஞ்சின் என்பது துருப்பிடிக்காத எஃகு அறை, உள்ளே வெள்ளி வலை, ஒரு வால்வு, ஒரு நுண்ணிய துவாரம். 750 டிகிரியை எஃகு தாங்கும். இரிடியம் வேண்டாம். கடைசல் அந்தத் தெருக்களிலேயே முடியும். ஹைட்ரசீனாக இருந்தால் எஞ்சினைச் செய்து முடித்தாலும், குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் கல்லூரி ஒன்று அதைச் சோதிக்க அனுமதி கேட்கவே முடியாது. பெராக்சைடுக்கும் தனி இடமும் பாதுகாப்பும் வேண்டும், ஆனால் அது ஒரு கல்லூரி நினைத்தால் எட்டக் கூடிய ஏற்பாடு. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கென்றே இருக்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. இஸ்ரோ 1980களில் இருந்து திரவ எஞ்சின்களை அங்கேதான் சோதிக்கிறது.

இஸ்ரோவும் திசை திரும்பியிருக்கிறது. 2021 ஜனவரியில் அன்றைய தலைவர் சிவன், ககன்யானுக்குப் பசுமை உந்துவிசையை உருவாக்கி வருவதாக அறிவித்தார். அறிவித்த மேடை எது தெரியுமா? எஸ்.ஆர்.எம். பட்டமளிப்பு விழா! தனியார் பக்கம் மும்பையின் மனஸ்து ஸ்பேஸ் பெராக்சைடு வழியில் போகிறது. பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் 'ருத்ரா' என்ற பசுமை எஞ்சினை 2024 ஜனவரி 1 அன்று போன பி.எஸ்.எல்.வி. சி-58-ல் ஏற்றி விண்வெளியில் ஓட்டிப் பார்த்தது. இதற்காகத் தனி செயற்கைக்கோள் செய்யவில்லை. வேலை முடிந்த ராக்கெட்டின் நான்காம் அடுக்கையே இஸ்ரோ 'போயம்-3' என்ற பெயரில் ஆய்வு மேடையாக்கி 350 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தது, ருத்ரா அதில் ஒட்டிக் கொண்டது. அந்த நான்காம் அடுக்கு ஓடுவது ஹைட்ரசீனின் தம்பியான மோனோ மெத்தில் ஹைட்ரசீனில். விஷத்தின் முதுகில் ஏறித்தான் மாற்று எரிபொருள் சோதிக்கப்பட்டது! 2024 மார்ச் 21 அன்று போயம்-3 பசிபிக்கில் விழுந்து முடிந்தது, குப்பை எதுவும் மிச்சம் வைக்காமல்.

இனிமேல் எஞ்சின் ஆடம்பரமாக இருக்காது போலத் தெரிகிறது. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம், வேலை முடிந்த செயற்கைக்கோள் ஐந்து ஆண்டுக்குள் கீழே வர வேண்டும் என்று 2022-ல் விதி போட்டது. அதற்கு முன் பழக்கத்தில் இருந்தது 25 ஆண்டு. 2030-க்குள் இந்திய விண்கலங்கள் குப்பை விடாமல் பறக்க வேண்டும் என்று இஸ்ரோ 2024 ஏப்ரலில் அறிவித்தது. குலசேகரப்பட்டினத்தில் குட்டி ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கும் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியாகி விட்டது. அடுத்து செயற்கைக்கோள் செய்யக் கிளம்பும் சென்னைக் கல்லூரி எதுவானாலும் முதலில் உயரத்தைக் கேட்டுக் கொள்ள வேண்டும். 400 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் வேண்டாம், அனுசாட் மாதிரி காற்றே இறக்கிவிடும். 800-க்கு மேல் என்றால் இறங்குவதற்கு ஒரு வழியோடு போக வேண்டும், இல்லையென்றால் ராக்கெட்டில் இடமே கிடைக்காது.